பவளத் தொட்டிக்கு மேல் ஒரு சாண்

விவாகரத்தில் கட்டில் மகனுக்கு, பீரோ மருமகளுக்கு, ஃப்ரிட்ஜ் மகனுக்கு, துணி துவைக்கும் மெஷின் மருமகளுக்கு என்று இரண்டு வக்கீல்களும் சேர்ந்து ஒருவழியாகப் பிரித்துக் கொடுத்தார்கள். மாமனாரை யார் பங்கிலும் எழுதவில்லை. எந்த வக்கீலும் எழுத மாட்டார், அதற்கெல்லாம் சட்டத்தில் இடம் இல்லை. ஆனாலும் லைட்டுக்கு அது ஒரு குறையாகவே மனசில் கிடந்தது.

லைட்டு என்பது அவருடைய சொந்தப் பெயர் அல்ல. பெரிய அரங்கம் ஒன்றில் மேடை விளக்குகளுக்கு அவர்தான் பொறுப்பு. நாடகம், நடனம், பள்ளிக்கூட ஆண்டுவிழா, கம்பெனிக்காரர்கள் தங்களுக்குள்ளேயே கேடயம் கொடுத்துக் கைதட்டிக்கொள்ளும் விழா என்று எது நடந்தாலும், கடைசி வரிசைக்குப் பின்னால் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, யார் முகத்தில் எவ்வளவு வெளிச்சம் விழ வேண்டும் என்று முடிவு செய்கிறவர் அவர். 'லைட்டு, கொஞ்சம் ஏத்து', 'லைட்டு, போதும் இறக்கு' என்று ஆளாளுக்குக் கத்தியதில் அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. வீட்டில் அந்தப் பெயர் கிடையாது. மனைவிக்கு அவர் 'ஏங்க', மருமகளுக்கு 'மாமா'.

மருமகள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறவள். 'இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா' என்று நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்தபிறகும் குரலில் அந்தப் பொறுமை மிச்சம் இருக்கும். அவளுக்கும் மகனுக்கும் ஏன் ஒத்துவரவில்லை என்று கேட்டால் இன்றுவரை யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. அவன் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனான். அவள் கடைக்குப் பக்கத்தில் மாடி அறை ஒன்று பார்த்துக்கொண்டு போனாள். போகாமல் நின்றது தொட்டிதான்.

ஹாலில் டி.வி. இருக்க வேண்டிய இடத்தில் அந்தத் தொட்டி இருந்தது. கல்லும் மணலும் உப்புத் தண்ணீரும் போட்டு, அதற்குள் நகக்கண் அளவு துண்டுகளாக வாங்கி வந்து அவள் வளர்த்த பவளங்கள். விரல் விரலாகக் கிளைவிட்டது ஒன்று, மூளை மாதிரி மடிப்பு மடிப்பாக ஒன்று, காற்றில் ஆடுகிற பூ மாதிரி ஒன்று. எல்லாவற்றுக்கும் நடுவில், வாடகை கொடுக்காமல் குடியிருப்பவனைப் போல ஒரு ஆரஞ்சு மீன். மாடி அறையின் சொந்தக்காரம்மாவிடம் முந்நூறு லிட்டர் தண்ணீர் என்று சொன்னதும், அந்தம்மா தன் வீட்டுக் கூரையை ஒருதரம் அண்ணாந்து பார்த்தாராம். "வேற வீடு அமையற வரைக்கும் இங்கயே இருக்கட்டும் மாமா. நான் ஞாயித்துக்கிழமை வந்து பாத்துக்கறேன்" என்றாள்.

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை என்ற ஒரு நாள் லைட்டுக்குக் கிடைத்தது. அவள் வாளியில் உப்பைக் கரைப்பாள், குழாய் வைத்துப் பழைய தண்ணீரை உறிஞ்சி எடுப்பாள், சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்ப்பாள். இவர் வாளி தூக்குவார். தூக்கிக்கொண்டே பேசுவார்கள். அந்த வாரம் கடைக்கு வந்த ஆள் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டே அதைத் தேடிய கதையை அவள் சொல்வாள். கம்பெனி விழாவில் முதலாளியின் வழுக்கையில் வெளிச்சம் பட்டு முதல் வரிசைக்கே கண் கூசிய கதையை இவர் சொல்வார். மகனுக்கும் அவருக்கும் இருந்த பேச்செல்லாம் 'கரன்ட் பில் கட்டியாச்சா', 'கட்டியாச்சு' என்பதோடு சரி. மருமகளை அவருக்கு ரொம்பப் பிடிக்கும். இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை.

மனைவியின் நிலைமை வேறு. பிரிவு நடந்ததில் அவளுக்குக் கோபம். ஆனால் யார் மேல் கோபப்படுவது என்று முடிவு செய்ய முடியாததால், இரண்டு பேரோடும் நேராகப் பேசுவதில்லை என்று பொதுவாக வைத்துக்கொண்டாள். மகன் ஃபோனில் வந்தால், "சாப்பிட்டானான்னு கேளுங்க" என்பாள். ஸ்பீக்கரில் அவன் கேட்டுக்கொண்டுதான் இருப்பான். மருமகள் வந்தால், அடுப்படியிலிருந்தே, "காபி ஆச்சு, ஆறிடப் போகுதுன்னு சொல்லுங்க" என்பாள். லைட்டு திரும்பி, "காபி ஆச்சாம்மா" என்பார். மருமகள் அதற்குள் பாதி குடித்திருப்பாள்.

இப்படி ஒரு குறையும் இல்லாமல் போய்க்கொண்டிருந்த நேரத்தில்தான் தொட்டியின் பழைய விளக்கு புகைந்து அணைந்தது.

"நானே வேற பாத்து வாங்கிடறேன் மாமா" என்றாள் மருமகள்.

லைட்டுக்குச் சுருக்கென்றது. "ஏன், நான் எதுக்கு இருக்கேன்? ஊர்ல இருக்கற மூஞ்சிக்கெல்லாம் லைட்டு போடறவன் நம்ம வீட்டுத் தொட்டிக்குப் போட மாட்டேனா?"

அவள் ஒரு கணம் யோசித்தாள். அந்த யோசனையை அவள் இன்னும் கொஞ்சம் நீட்டியிருக்கலாம். "சரி மாமா, கடைக்காரர் சொல்றத மட்டும் கேட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கடல் மீன் கடைக்காரர் வாடிக்கையாளர்களோடு பேசும்போதும் கண்ணைத் தொட்டிகளின் மேலேயே வைத்திருக்கிற மனிதர். தொட்டியின் நீளம், ஆழம், என்னென்ன பவளம் என்று கேட்டுக்கொண்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்ன லைட்டு, தன் பங்குக்குத் தொழில்முறையாக ஒரு கேள்வி கேட்டார்.

"ஆடியன்ஸ் எவ்வளவு தூரத்துல உக்காருவாங்கன்னு நீங்க கேக்கவே இல்லையே?"

"எந்த ஆடியன்ஸ்?"

"பாக்கறவங்க."

கடைக்காரர் அப்போதுதான் முதல்முறையாகத் தொட்டியிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார். "ஐயா, லைட்டு நீங்க பாக்கறதுக்கு இல்ல. அதுங்க சாப்பிடறதுக்கு. பவளம் செடி கிடையாது, உயிருள்ள பிராணி. அது உடம்புக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கு. வெளிச்சத்த வெச்சு அந்தப் பாசி சமைக்குது, இது உக்காந்து சாப்பிடுது. வெளிச்சம் கொறஞ்சா ரெண்டும் பட்டினி. ரொம்பக் கூடுனா குடித்தனக்காரன் வீட்டக் காலி பண்ணிட்டுப் போயிடுவான். அப்பதான் பவளம் வெள்ளையாயிடும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, தனியா எவ்வளவு நாளு தாங்கும்?"

லைட்டு பேச்சை விளக்குகள் பக்கம் திருப்பினார்.

கடைக்காரர் எடுத்துக் காட்டியது நீளமான தட்டை விளக்கு. தொட்டி முழுக்கச் சமமாக வெளிச்சம் விழும் என்றார். லைட்டு அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். எல்லா இடத்திலும் சமமாக விழுந்தால் அது வெளிச்சமா, ஆபீஸ் டியூப்லைட்டுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? அவர் கண் பக்கத்தில் இருந்த இரட்டை ஸ்பாட் விளக்கின் மேல் போயிற்று. ஒரு கம்பியில் இரண்டு விளக்கு. குவிந்து விழும். அடியில் தண்ணீர் அசைய அசைய மணலில் ஒளி வலை மாதிரி ஓடியது. அடேயப்பா, என்ன விளக்கு! "அதுவும் நல்ல லைட்டுதான், ஆனா ரொம்ப சக்தி, உயரத்துல மாட்டிக் கொறச்சு வெச்சுதான் ஆரம்பிக்கணும்" என்று கடைக்காரர் சொல்லிக்கொண்டிருந்தபோது, லைட்டு மனசுக்குள் அதை மாட்டி முடித்துவிட்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து அவர் அதை மாட்டிய விதம் மேடைக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. நேர் உச்சியிலிருந்து விழுகிற வெளிச்சம் எந்த முகத்துக்கும் ஆகாது. கண்ணுக்குக் கீழே குழி விழுந்து, ராஜா வேஷம் போட்டவன்கூடப் பட்டினிக்காரன் மாதிரி தெரிவான். அதனால் முன்பக்கம் ஒரு ஸ்டாண்டு நிறுத்தி, மேலிருந்து சாய்வாக, சோஃபாவில் உட்கார்கிறவர் கண்ணுக்கு எடுப்பாகத் தெரியும்படி விளக்கைத் திருப்பி வைத்தார். பவளத்துக்கு முகம் எந்தப் பக்கம் என்று யோசித்து, சோஃபா இருக்கிற பக்கம்தான் என்று முடிவு செய்துகொண்டார். விளக்கில் நீலமும் வெள்ளையும் தனித்தனியாகக் கூட்டலாம், குறைக்கலாம். நீலத்தை அணைத்தார். மேடையில் நீலம் போட்டால் நிலா வந்திருக்கும், இல்லை ஆவி வந்திருக்கும். பட்டப்பகலில் இரண்டுக்கும் வேலை இல்லை. வெள்ளையை முழுசாக ஏற்றினார்.

மனைவி அடுப்படி வாசலில் நின்று பார்த்தாள். "பாஸ்போர்ட்டுக்கு ஃபோட்டோ எடுக்கப் போறீங்களா?" என்று கேட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மருமகள் செருப்பைக் கழற்றும்போதே நின்றுவிட்டாள். விரல் பவளம் முன்பக்கம் முழுக்க எலும்பு நிறத்துக்கு வெளுத்திருந்தது. பின்பக்கம் பழையபடி பச்சை. பாதி மேக்கப்போடு எழுந்து வந்த நடிகனைப் போல இருந்தது. ஆரஞ்சு மீன் பாறைக்குப் பின்னால் போய் ஒண்டியிருந்தது.

"யாரு மாமா இதை இப்படி வெச்சது?"

"நான்தான். நல்லாத் தெரியுதா இல்லையா?"

"நல்லாத் தெரியுது. அது வெந்துட்டு இருக்கறது ரொம்ப நல்லாவே தெரியுது."

அவள் ஸ்டூல் போட்டு ஏறி, கூரையில் கொக்கி அடித்து, விளக்குக் கம்பியை இரண்டு ஒயரில் தொட்டிக்கு நேர் மேலே, கைக்கு எட்டாத உயரத்தில் தொங்கவிட்டாள். நீலத்தைக் கூட்டினாள். வெள்ளையை ரொம்பக் குறைத்தாள். "புது லைட்டுக்கு இதுங்க பழகணும் மாமா. வாரா வாரம் துளித்துளியாதான் ஏத்தணும். எனக்கு மனசு கேக்காது, நடுவுல புதன்கிழமையும் ஒரு நடை வந்து பாத்துட்டுப் போறேன்."

லைட்டு தலையைக் குனிந்துகொண்டு திட்டு வாங்கினார். புதன்கிழமை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் குனிந்த தலைக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. தப்புதான், ஆனால் வந்தது.

புதன்கிழமை அவள் வேலை முடிந்து நேராக வந்தாள். "பசியோட வந்திருப்பா, தட்டு வெச்சாச்சுன்னு சொல்லுங்க" என்றது அடுப்படி. சாப்பிட்டாள், பேசினாள், தொட்டி முன்னால் உட்கார்ந்தாள், போனாள். பவளம் மெல்ல மெல்லத் தேற ஆரம்பித்தது. வெள்ளைக்கு நடுவே மங்கலாக ஒரு பழுப்பு வந்தது, குடித்தனக்காரர்கள் சாமான்களோடு திரும்பி வருகிற அறிகுறி. எல்லோருக்கும் நிம்மதி. அப்போதுதான் அவள் அந்தச் சேதியைச் சொன்னாள்.

"வீடு கெடச்சிடுச்சு மாமா. தரைத்தளம். தொட்டி விஷயத்த முன்னாடியே சொல்லிட்டேன், ஓனர் சரின்னுட்டார். இதுங்களுக்கு நிறம் முழுசாத் திரும்பட்டும், இந்த நிலைமைல அசைச்சாத் தாங்காது. தேறினதும் தூக்கிடலாம். பாவம், நீங்களும் அத்தையும் எவ்வளவு நாள்தான் இந்த உப்புத்தண்ணி நாத்தத்தோட இருப்பீங்க?"

"நாத்தமா? ஒண்ணும் வரலையே" என்று லைட்டு மூக்கை உறிஞ்சிக் காட்டினார்.

அவள் போனபிறகு சோஃபாவில் உட்கார்ந்து தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். தேறினால் போய்விடும். தொட்டி போனால் ஞாயிற்றுக்கிழமையும் போகும், புதன்கிழமையும் போகும். அவள் இந்தப் படி ஏறுவதற்கு வேறு என்ன காரணம் இருக்கிறது? முன்னாள் மாமனார் என்று ஒரு உறவு இருப்பதாக அவர் எங்கேயும் கேள்விப்பட்டதில்லை. பவளம் செத்துவிட்டாலும் அவள் வர மாட்டாள், அது இன்னும் மோசம். ஆகவே அது சாகவும் கூடாது, தேறவும் கூடாது. கொஞ்சம் சுணங்கிக்கொண்டே இருந்தால் போதும்.

எழுந்தார். ஸ்டூல் போட்டு ஏறி, விளக்கை ஒரு சாண் கீழே இறக்கினார்.

இதற்கு அவரைவிடக் கெட்டிக்காரர் கிடைக்க மாட்டார். வெளிச்சத்தின் அளவை மாற்றினால் விளக்கின் நெற்றியில் எண் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் அதைத் தொடவே இல்லை. உயரத்துக்கு எண் கிடையாது. அவள் வைத்த உயரத்துக்கு நேராகச் சுவரில் பென்சிலால் மெல்லிசாக ஒரு கோடு போட்டுக்கொண்டார். அவள் போனதும் ஒரு சாண் இறக்குவார். அவள் வருகிற நாளில், வேலை முடியும் நேரம் பார்த்து, கோட்டுக்குச் சரியாக ஏற்றிவைத்துவிட்டு, பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ரொம்ப வெளுத்தால் ஒன்றிரண்டு நாள் சும்மா விடுவார். நிறம் வந்தால் மறுபடி இறக்குவார். ஒரு டாக்டர் இப்படி வைத்தியம் பார்த்தால் ஊரே திரண்டு வந்து உதைக்கும். பவளத்துக்குத்தான் வாய் கிடையாதே.

மனைவி விளக்கைப் பார்ப்பாள், அவரைப் பார்ப்பாள். "உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்பாள். திரும்பி உள்ளே போய்விடுவாள்.

மருமகளுக்குக் குழப்பம். உப்பை மாற்றிப் பார்த்தாள். தண்ணீரைக் குப்பியில் பிடித்துக்கொண்டு கடைக்காரரிடம் ஓடினாள். தண்ணீரில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி அனுப்பினார். வெள்ளிக்கிழமையும் வர ஆரம்பித்தாள். மகன் இந்த வீட்டில் இருந்த காலத்தில்கூட அவள் இவ்வளவு நேரம் ஹாலில் உட்கார்ந்ததில்லை. லைட்டு புதுப்புதுக் கதைகளாகச் சேர்த்துவைத்துக்கொண்டு காத்திருந்தார். அவள் முன்புபோல் சிரிக்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. வேலைக் களைப்பு என்று தனக்குத்தானே பூசி மெழுகிக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தொட்டிக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சோதித்த குப்பிகளை வரிசையாக வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் சரியா இருக்கு மாமா" என்றாள். "தண்ணி சரி. உப்பு சரி. சூடு சரி. லைட்டு சரி. அப்போ நான்தான் சரியில்ல."

"என்னம்மா பேசற?"

"இதையெல்லாம் கடைக்காரர்கிட்டயே கொடுத்துடப் போறேன். அவர் எடுத்துக்கறேன்னார். அவர்கிட்டயாவது பொழைக்கட்டும்." துணியால் கண்ணாடியைத் துடைத்தாள். அங்கே துடைக்க ஒன்றும் இல்லை. "உன் கையில எதுவும் நிக்காதுன்னு உங்க பையன் ஒரு தடவ சொன்னார். அப்போ எனக்கு அவ்வளவு கோவம் வந்துச்சு. இப்போ யோசிச்சா, அவர் சரியாத்தான் சொல்லியிருக்கார் போல."

அழவில்லை. 'மூணாவது வரி மங்கலா இருக்கு' என்று சொல்வதைப் போலத்தான் சொன்னாள். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பவளம் கடைக்குப் போயிருக்கும், யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் அந்தப் பெண் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியவில்லை.

"உன் கையில ஒரு கோளாறும் இல்லம்மா. விளக்க நான்தான் இறக்கினேன்."

"எந்த விளக்க?"

கையை நீட்டி மேலே காட்டினார்.

"எவ்வளவு இறக்குனீங்க?"

கையை விரித்து ஒரு சாண் காட்டினார்.

"எப்போலேர்ந்து?"

"வீடு கெடச்சிடுச்சுன்னு நீ சொன்னல்ல, அன்னிலேர்ந்து."

"நான் வர்றப்போ சரியாத்தானே இருந்துச்சு?"

"நீ வர்றதுக்கு முன்னாடி ஏத்திடுவேன். கோடு போட்டு வெச்சிருக்கேன்." எழுந்து போய்ச் சுவரில் கோட்டைக் காட்டினார். கோடு மட்டம் பிசகாமல் நேராக இருந்ததில், அந்த நேரத்திலும் அவருக்குச் சின்னதாக ஒரு பெருமை இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

"ஏன் மாமா?" கடையில் கேட்கிற அதே பொறுமையோடுதான் கேட்டாள். அதுதான் பயமாக இருந்தது.

"இது தேறிட்டா நீ தூக்கிட்டுப் போயிடுவ. அப்புறம் இந்த வீட்டுக்கு நீ எதுக்கு வரணும்? கட்டில் யாருக்கு, பீரோ யாருக்குன்னு எல்லாத்தையும் கேட்டாங்க. என்னை ஒருத்தரும் கேக்கல. நீ இல்லேன்னா எனக்குப் பேச ஆளே இல்லம்மா. நீ வரணும். எனக்கு அவ்வளவுதான் வேணும்."

"அது உயிரு மாமா."

"தெரியும்."

"தெரிஞ்சேதான் செஞ்சீங்களா?" இப்போது பொறுமை போய்விட்டது. "ராத்திரி தூக்கம் இல்லாம, என் கையால எது செத்துப்போகுமோன்னு பயந்து பயந்து வந்துட்டு இருக்கேன். ஆரஞ்சு மீனுக்குச் சோறு போடக்கூட பயமா இருந்துச்சு எனக்கு. நீங்க பேப்பர விரிச்சு வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க. வாம்மான்னு ஒரு ஃபோன் பண்ணத் தெரியாதா உங்களுக்கு?"

பதில் அடுப்படியிலிருந்து வந்தது.

"ஏங்க, எனக்கும் தெரியும்னு அவகிட்ட சொல்லிடுங்க."

லைட்டு வழக்கப்படி திரும்பினார். "அவளுக்கும் தெரி..."

"கேட்டுச்சு. தெரிஞ்சும் ஏன் சொல்லலைன்னு அத்தைய கேளுங்க."

"நான் எதுக்குச் சொல்லணும்னு கேளுங்க. இவர் இறக்குனா அவ வர்றா. வரட்டுமேன்னு இருந்தேன். தப்புன்னா தப்புதான்னு சொல்லுங்க."

நடுவில் நின்றுகொண்டிருந்த லைட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பினார். அவர் சொல்லுவதற்கு யாரும் எதையும் மிச்சம் வைக்கவில்லை.

மருமகள் ஸ்டூலைப் போட்டு ஏறினாள். விளக்கைச் சரியான உயரத்தில் நிறுத்தி, ஒயரை இடுக்கியால் முறுக்கி முடிச்சுப் போட்டாள். இறங்கினாள். நேராக அடுப்படி வாசலுக்குப் போனாள்.

"அத்தை, எனக்கு இவர் மேல நம்பிக்கை போயிடுச்சு. நீங்கதான் பாத்துக்கணும். விளக்கத் தொட்டார்னா உடனே எனக்கு ஃபோன் பண்ணுங்க. தொடலேன்னாலும் பண்ணுங்க, இல்லேன்னா எனக்கு நிம்மதி இருக்காது."

காபியைத் தொடாமல் போய்விட்டாள். அப்படி அவள் போனது அதுதான் முதல் தடவை.

மறுநாள் சாயங்காலம் மனைவிக்கு ஒரு சிக்கல் வந்தது. சேதி சொல்ல வேண்டும். வழக்கமாகச் சேதி சொல்லும் ஆள்தான் இப்போது குற்றவாளி. குற்றவாளியையே கூப்பிட்டு, 'நீங்க விளக்கத் தொடலைன்னு சொல்லுங்க' என்று சொல்ல முடியுமா? சொன்னால்தான் யார் நம்புவார்கள்? கொஞ்ச நேரம் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு ஹாலில் நடந்தாள். கடைசியில் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளே நம்பரை அழுத்தினாள்.

"தொடல" என்றாள். வைத்துவிட்டாள்.

அதற்கு அடுத்த நாள், "தொடல. பக்கத்துல போனார். நான் இருமினேன். திரும்பி வந்துட்டார்" என்றாள். பிறகு ஒரு நாள், "அந்த விரல் விரலா இருக்குமே, அதுல நுனியில லேசாப் பச்சை தெரியற மாதிரி இருக்கு. என் கண்ணுக்குத்தான் அப்படித் தெரியுதோ என்னமோ" என்றாள். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள் போலிருக்கிறது, தொட்டிக்குப் பக்கத்தில் போய் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, "இந்தப் பக்கமும்தான்" என்றாள். அப்புறம் பவளத்தில் ஆரம்பித்து, கடைக்கு வருகிறவர்கள், புது வீட்டுக் குழாய் ஒழுகுவது, சாப்பிட்டாயா என்ன சாப்பிட்டாய் என்று பேச்சு எங்கெங்கோ போயிற்று. ஃபோனை ஒருநாளும் லைட்டு பக்கம் நீட்டவில்லை. கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மருமகள் வந்தாள். லைட்டு வாளியோடு நிற்பார். "தள்ளுங்க மாமா" என்பாள். "அந்த வாளி" என்பாள். அதற்கு மேல் இல்லை. அவர் சேர்த்துவைத்த கதைகள் சேர்ந்தபடியே இருந்தன. நியாயம்தான் என்று அவருக்கே தெரியும். நியாயமாக இருந்தாலும் வலிக்கத்தான் செய்தது. அரங்கத்தில் ஒரு நாள், இரண்டு பேர் சண்டை போட்டுவிட்டுச் சமாதானமாகிற காட்சிக்கு விளக்கை ஏற்ற அவர் மறந்துபோனதில், இருவரும் இருட்டிலேயே சமாதானமானார்கள்.

பவளம் அவசரப்படவில்லை. ஆனால் தேறியது. விளக்கு நேர் மேலிருந்து, வைத்த உயரத்தில், வைத்த அளவில் விழுந்துகொண்டே இருக்க, வெள்ளை பழுப்பாகி, பழுப்பு பச்சையாகி, விரல் நுனிகளில் ஊதா பூத்தது. ஆரஞ்சு மீன் வெளியே வந்து பழையபடி வீட்டுக்காரன் மாதிரி சுற்றியது. நீல வெளிச்சத்தில் அத்தனையும் உள்ளுக்குள்ளிருந்து எரிவதைப் போல இருந்தது. நீலத்துக்கு இப்படி ஒரு வேலை இருக்கிறது என்று லைட்டு ஒப்புக்கொண்டார், தனக்குள்தான்.

தூக்குகிற நாள் வந்தது. பாதித் தண்ணீர் மூடி போட்ட வாளிகளில் ஏறியது. பவளங்கள் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனி டப்பாக்களில் தண்ணீரோடு போயின. காலித் தொட்டியை நான்கு பேர் கம்பளி சுற்றித் தூக்கினார்கள். விளக்கு மட்டும் மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

"கழட்டிக் குடுங்க மாமா" என்றாள்.

முடிச்சைப் பிரித்து இறக்கி, ஒயரைச் சுருட்டிக் கொடுத்தார். "அங்க மாட்டறதுக்கு..."

"நானே மாட்டிப்பேன்."

"ஆமாமா. நீயே மாட்டிப்ப."

அவள் வாசலில் நின்று, "வர்றேன் மாமா, வர்றேன் அத்தை" என்றாள். கிளம்புகிற எல்லோரும் அப்படித்தான் சொல்லுவார்கள், திரும்பி வரவே போகாதவர்களும்கூட. வண்டி தெருமுனை திரும்புகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டு லைட்டு உள்ளே வந்தார்.

சாயங்காலம் சோஃபாவில் உட்கார்ந்தார். எதிரே வெறும் சுவர். தொட்டியின் மோட்டார் சத்தம் இல்லாததால் அந்த வீட்டில் ஒரு கடிகாரம் ஓடுகிறது என்பதே அன்றுதான் தெரிந்தது. முடிந்தது என்று நினைத்தார். இனிமேல் அவள் வேறு யாரோ, இவர் வேறு யாரோ. எங்கேயாவது கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் நல்லா இருக்கீங்களா என்று கேட்டுக்கொள்வார்கள்.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். வழக்கமாக ஃபோன் பண்ணுகிற நேரம். மூக்குக்கண்ணாடியை மாட்டினாள். மகனுக்குப் பண்ணப் போகிறாள், சாப்பிட்டானா என்று கேட்கச் சொல்லப் போகிறாள் என்று லைட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் அவரைக் கூப்பிடவில்லை. நம்பரை அழுத்திவிட்டுக் காத்திருந்தாள்.

"நான்தான்" என்றாள். சுவரைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு, நேற்றும் முந்தாநாளும் சொன்ன அதே குரலில் சொன்னாள்.

"இன்னிக்கும் இவர் விளக்கத் தொடல."

லைட்டு சோஃபாவின் நுனிக்கு நகர்ந்தார். காலியான ஹாலில், ஃபோனுக்குள்ளிருந்து வந்த குரல் அவர் காதுக்கே நன்றாகக் கேட்டது.

"சரிங்க அத்தை. அவர நம்ப முடியாது. நாளைக்கும் பாத்துட்டுச் சொல்லுங்க."